பாலைவனத்தில் ஆர்.வி. முகாம், பகலில் ஆஃப்-ரோடு: நண்பர்களோடு கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள பெரிய வண்டி, நின்ற இடத்தில் வீடு. சுற்றுவதற்கு ஜீப். பாலைவனப் பயணத்தில் இந்த இரண்டு வேலைகளையும் கலக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை வராது. பெரிய வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, மட்டம் பார்த்து, ஊருக்குக் கிளம்பும் நாள்வரை அசைக்கக் கூடாது. காலையில் சின்ன வண்டிகளில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்கு வந்து சேர வேண்டும். தண்ணீர், பேட்டரி, வரைபடம், டயர் காற்று எல்லாமே இந்த ஏற்பாட்டுக்குத் துணைதான்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களை, அதாவது கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா, யூட்டா பக்கத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மணலும் பாறையும் வேறு நாடுகளிலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். விதிமுறைகள் மட்டும் மாறும்.

1. காலத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கோடையில் தாழ்வான பாலைவனத்துக்கு முகாம் போடப் போகவே வேண்டாம். கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவிலுள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி பாரன்ஹீட்தான் (56.7 செல்சியஸ்) இன்றுவரை உலகச் சாதனை. சாதாரணக் கோடை நாளிலேயே அங்கே 115-ஐத் தாண்டும். குளிர்காலத்துக்கும் ஒரு குணம் உண்டு. பகலில் அரைக்கைச் சட்டை போதும், இரவில் உயரமான இடங்களில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். கம்பளியை வீட்டில் விட்டுவிட்டு வருபவர் ஒருவராவது எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கும் சேர்த்து எடுத்துவையுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பி.எல்.எம். என்ற நில மேலாண்மைத் துறையின் திறந்த நிலங்களில் பெரும்பாலும் கட்டணமில்லாமல் தங்கலாம். பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாள்தான் அனுமதி. வாரக்கணக்கில் தங்க நினைப்பவர்களுக்கு அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலத் தங்கல் பகுதிகள் இருக்கின்றன.

முதல் தடவை போகும் குழுவுக்கு நான் சொல்வது அன்சா-பொரேகோ. கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா அது. 500 மைலுக்கு மேல் மண் பாதை உள்ளே ஓடுகிறது. எளிதானதும் இருக்கிறது, கை நடுங்க வைப்பதும் இருக்கிறது. நடுவில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊர் இருப்பதால் பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் அலைய வேண்டாம். ஒரு நிபந்தனை: சாலையில் ஓட்டப் பதிவு பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே அங்கே அனுமதி. நண்பர்களில் யாராவது சாலைப் பதிவில்லாத பக்கியோ ஏ.டி.வி.யோ (மேடுபள்ளத்துக்கென்றே செய்த சிறு வண்டிகள்) கொண்டுவந்தால் பக்கத்திலுள்ள ஒகோட்டிலோ வெல்ஸுக்கோ, இம்பீரியல் மணல்மேடுகளுக்கோ போக வேண்டும். மணல்மேடுகளில் வண்டியின் மேல் உயரமான கொடி கட்டாயம். மேட்டின் மறுபக்கத்திலிருந்து ஏறி வருபவரின் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான்.

வண்டி வாடகை என்றால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பல ஆர்.வி. வாடகை நிறுவனங்கள் தார்ச்சாலையை விட்டு இறங்கவே விடுவதில்லை. வழக்கமான கார் வாடகை நிறுவனங்களின் ஜீப்பையும் பாறைப் பாதையில் ஏற்ற முடியாது. மீறினால் காப்பீடு கைகொடுக்காது. அப்படிப்பட்டவர்கள் ஆர்.வி.யைத் தார்ச்சாலை ஓர முகாமில் நிறுத்திவிட்டு, ஆஃப்-ரோடுக்கென்றே ஜீப் வாடகைக்குத் தருபவர்களிடம் எடுப்பதுதான் சரி.

2. நண்பர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

ஒரு மாதத்துக்கு முன்பே எல்லோரும் ஒருமுறை பேசிவிட வேண்டும். எத்தனை வண்டி, யார் ஓட்டுவார்கள், யார் முகாமிலேயே இருப்பார்கள் என்பது தெளிவாக வேண்டும். பாதைக்குக் குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். ஒன்று சிக்கினால் இழுக்க இன்னொன்று. நான்கைத் தாண்டினால் நாள் முழுக்கக் காத்திருப்பிலேயே போய்விடும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து வெவ்வேறு பாதையில் போவதே நல்லது.

ஆர்.வி. முகாமின் பெரிய வசதியே எல்லோரும் எல்லா இடத்துக்கும் வர வேண்டியதில்லை என்பதுதான். முதுகுவலி உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், பெரியவர்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம். யாரையும் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். ஏழு மணி நேரக் குலுக்கல் எல்லா உடம்புக்கும் ஒத்துவராது. முகாமில் இருப்பவர் கையில் ஒரு முக்கிய வேலையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பொருளாகப் பிரிக்காமல் வேளையாகப் பிரியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு இரவுச் சாப்பாடு என்று விட்டால் சமையல், பாத்திரம், கழுவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்ற நாளில் அவர்களுக்கு ஓய்வு.

3. தண்ணீர், மின்சாரம், கழிவு

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நான்கு லிட்டர். ஆறு பேர் நான்கு நாள் என்றால் 24 கேலன். இதை ஆர்.வி. தொட்டிக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கேன்களில் வையுங்கள். தொட்டித் தண்ணீர் பாத்திரத்துக்கும் குளியலுக்கும். குழாய் எங்காவது கசிந்து ராத்திரியோடு தொட்டி காலியானாலும் குடிக்கத் தண்ணீர் இருக்கும்.

மின்சாரத்தில் பலரும் ஏமாறுவது ஹீட்டரிடம். கேஸில்தானே எரிகிறது என்று நினைப்பார்கள். ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் மின்விசிறி பேட்டரியில் ஓடுகிறது, ஓடும்போது சுமார் 7 ஆம்ப் இழுக்கும். 12 மணி நேரக் குளிர் இரவில் பாதி நேரம் ஓடினால் 42 ஆம்ப்-மணி. 100 ஆம்ப்-மணி ஈய-அமில பேட்டரி இரண்டு வைத்திருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கையில் உள்ளது 100 மட்டுமே. அதில் கிட்டத்தட்டப் பாதி ஒரே இரவில் ஹீட்டருக்குப் போய்விடுகிறது. குளிர்கால வெயிலில் 200 வாட் சோலார் பேனல் கூரையில் கிடைமட்டமாகக் கிடந்தால் ஒரு நாளில் 40, 50 ஆம்ப்-மணி வந்தாலே நல்ல நாள். ஆகவே ஜெனரேட்டரும் வேண்டும், இரவில் ஹீட்டரைத் தணித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அது உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது.

ஜெனரேட்டர் புகைபோக்கி யாருடைய ஜன்னலையும் பார்த்து இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வண்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

கழிவறைத் தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி இரண்டையும் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். வழியில் எந்த ஊரில் கழிவு இறக்கும் இடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர்தானே என்று மண்ணில் திறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் அதே இடத்தில்தான் பாய் விரிப்பார்.

4. முகாமுக்கு இடம் பிடிப்பது

மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். தார்ச்சாலை முடியும் இடத்தில் ஆர்.வி.யை நிறுத்திவிட்டு முதலில் ஜீப்பில் போய்ப் பாருங்கள். பெரிய வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, தாழ்ந்த கிளை உரசுமா, நடுவில் இளமணல் இருக்கிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதினைந்து டன் வண்டியை மணலிலிருந்து எடுக்க நண்பர்களின் ஜீப் போதாது. சந்தேகம் இருந்தால் இறங்கி நடந்து பாருங்கள். செருப்பு புதைகிற தரையில் ஆர்.வி. நிற்காது.

ஏற்கெனவே மற்றவர்கள் தங்கிய, மண் இறுகிய இடத்திலேயே நிறுத்துங்கள். கறுத்துப் பொருக்குத் தட்டியதுபோல் தெரியும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் அந்த மேல்தோல் ஒரு டயர் ஏறினால் நொறுங்கும், மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

காட்டாற்றுத் தடத்தில் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மட்டமாக, மணல் மெத்தையாக, மரநிழலோடு அது ஆசை காட்டும். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. பல மைல் தள்ளி மலையில் பெய்தால் போதும். 2022 ஆகஸ்ட் 5 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பெய்தது 1.46 அங்குலம், ஏறக்குறைய 37 மில்லிமீட்டர். ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரியில் சுமார் முக்கால் பங்கு. சாலைகள் அடித்துப்போய், ஏறக்குறைய ஆயிரம் பேர் வெளியேற முடியாமல் பூங்காவிலேயே மாட்டிக்கொண்டார்கள். பாலை மண் கெட்டியாக இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது, வந்ததெல்லாம் ஓடும்.

வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு வைத்து, மட்டப் பலகை கொடுத்து, சக்கரத்துக்கு அடைப்பு வைத்த பிறகுதான் ஆர்.வி.யின் பக்கச் சுவரிலிருந்து நீளும் பக்க அறைகளை வெளியே தள்ள வேண்டும். வெளிக்கூரையை ஆள் இல்லாத நேரத்தில் விரித்து வைக்காதீர்கள். பாலைவனக் காற்று சொல்லிக்கொண்டு வராது.

5. முந்தின இரவே திட்டம்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லா ஓட்டுநர்களும் வரைபடத்தைச் சுற்றி உட்காருங்கள். கைபேசியில் கயா, ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும், பாதையில் சிக்னல் இருக்காது. காகித வரைபடம் ஒன்றும் வேண்டும். அது சூட்டில் அணையாது.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் திரும்பும் நேரத்தைச் சொல்வேன். டிசம்பரில் டெத் வேலியில் நாலரை மணிவாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். பாறைப் பாதையில் சராசரி வேகம் மணிக்கு 10 மைல்கூட வராது. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புவது என்று முந்தின இரவே முடிவு செய்யுங்கள். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி, கையில் அரை மணி. பார்க்க நினைத்த பள்ளத்தாக்கு அடுத்த வளைவில் இருந்தாலும் சரி. களைப்பு வராத இரவில், நிதானமான புத்தியில் எடுத்த முடிவு அது. பாதையில் நின்று "இன்னும் கொஞ்சம்தானே" என்று பேச ஆரம்பித்தால் இருட்டில்தான் முடியும்.

முகாமில் இருப்பவருக்கான வேலை இதுதான். பாதையின் பெயர், வண்டிகளின் எண், ஆட்களின் பெயர், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பது எல்லாம் எழுதிய தாள் அவரிடம் இருக்க வேண்டும். முகாமிலும் சிக்னல் இல்லையென்றால் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று அவரிடம், ஒன்று பாதையில்.

வண்டிக்கு வண்டி பேச வாக்கிடாக்கி வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எஃப்.ஆர்.எஸ். வகைக் கருவிக்கு உரிமம் தேவையில்லை. கூடுதல் தூரம் எட்டும் ஜி.எம்.ஆர்.எஸ். வகைக்கு எஃப்.சி.சி. என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். தேர்வு இல்லை, 35 டாலர், பத்தாண்டு செல்லும், குடும்பம் முழுக்கப் பயன்படுத்தலாம்.

6. காலையில் டயர் காற்றை இறக்குவது

மண் பாதை தொடங்கும் இடத்தில் எல்லோரும் நிறுத்துங்கள். வால்வில் கருவியைத் திருகியதும் சீறிக்கொண்டு காற்று வெளியேறும். பக்கத்தில் உட்கார்ந்து டயரின் அடிவயிற்றைப் பாருங்கள். 35 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்த அளவு) விறைத்து நின்ற டயர் இறங்க இறங்க முன்னும் பின்னும் நீண்டு படியும். தரையைத் தொடும் பரப்பு கூடுவதுதான் அத்தனை பயனுக்கும் காரணம். பாரம் பரவுவதால் மணலில் புதையாது, கூர்ந்த கல்லின் மேல் டயர் கிழியாமல் வளைந்துகொடுக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பும் பிழைக்கும். சரளைக்கும் பாறைக்கும் 18 முதல் 22, ஆழ்ந்த மணலுக்கு 12 முதல் 15 பெரும்பாலான ஜீப் வகை வண்டிகளுக்குச் சரிவரும். அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். குறைந்த காற்றோடு வேகமாகப் போகவும் கூடாது. திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் காற்றை ஏற்ற, குழுவில் குறைந்தது இரண்டு கம்ப்ரஸர் இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள், ஒவ்வொரு முறை நிறுத்தி எடுக்கும்போதும். மொகாவி பாலை ஆமை நிழல் தேடி டயரடியில் வந்து படுக்கும். 1990 முதல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டம் காக்கிறது. ஆமை இருந்தால் அது நகரும்வரை காத்திருங்கள், கையால் தூக்காதீர்கள். பயந்தால் உடம்பில் சேர்த்துவைத்த தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிடும். அடுத்த மழைவரை அதற்கு வேறு தண்ணீர் கிடைக்காமல் போகலாம்.

7. பாதையில் ஓட்டுவது

வரிசையில் போகும்போது ஒவ்வொருவருக்கும் பொறுப்பு பின்னால் வரும் வண்டி. கிளைப்பாதை வந்தால், பின்னால் வருபவர் உங்களைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்ப வேண்டும். எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள். புழுதி அடங்கும் அளவு இடைவெளி விடுங்கள். அனுபவம் குறைந்தவரை நடுவில் வையுங்கள், கடைசியில் வேண்டாம்.

மணலில் சீரான வேகம் முக்கியம். நடுவில் தயங்கினால் புதையும், பிரேக் அடித்தாலும் முன்னால் மணல் குவியும். ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தானே நிற்கும். பாறையில் இதற்கு நேர்மாறு: லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) போட்டு, நடப்பதைவிட மெதுவாக, ஒவ்வொரு சக்கரமும் எதன் மேல் ஏறுகிறது என்று தெரிந்து ஏற வேண்டும். ஓட்டுநருக்குத் தெரியாததை முன்னால் நின்று கைகாட்ட ஒரே ஒருவர் போதும். நான்கு பேர் நான்கு திசை காட்டினால் நிறுத்திவிட்டு ஒருவரை முடிவு செய்யுங்கள். அலை அலையாக வரி விழுந்த மண்சாலையில் காற்றைக் குறைத்து, பொறுமையாகப் போக வேண்டும். டெத் வேலியின் ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிக்குச் செல்லும் 27 மைல் அப்படிப்பட்டதுதான், போக மட்டுமே இரண்டு மணி நேரம் ஆகும். கூர்க்கற்கள் டயரைக் குத்தும் பாதை அது. முழு அளவு மாற்று டயர் இல்லாமல் இறங்காதீர்கள்.

பாதையை விட்டு விலகி ஓட்ட வேண்டாம். எதிரே வண்டி வந்தால் ஏற்கெனவே அகன்ற இடம்வரை பின்னால் போய் வழிவிடுங்கள். பழைய சுரங்கங்களுக்குள் நுழையாதீர்கள். கெட்ட காற்றும் மூடாத குழியும் இருட்டில் தெரியாது. சோயா (cholla) என்ற கள்ளியின் முள் அப்பிக்கொண்டால் விரலால் பிடுங்காமல் சீப்பை உள்ளே விட்டு ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். அதற்கென்றே முதலுதவிப் பெட்டியில் ஒரு சீப்பு இருக்கட்டும்.

8. வண்டி சிக்கினால்

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்று தெரிந்த கணமே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். இன்னும் ஒரு மிதி, அச்சு மணலில் உட்கார்ந்துவிடும். காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மண்வெட்டியால் சாய்வாகத் தோண்டி, அடிவயிற்றில் முட்டும் மணலையும் வாரி எடுங்கள். பத்து நிமிடம் தோண்டினால் பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. டிராக்ஷன் போர்டு (சக்கரத்துக்குப் பிடிப்புக் கொடுக்கும் பலகை) இருந்தால் சக்கரத்தடியில் செருகி மெல்ல ஏற்றுங்கள்.

இழுத்தே ஆக வேண்டும் என்றால் நீண்டு சுருங்கும் கைனடிக் கயிறு, பாரம் தாங்கும் ஷேக்கிள் என்ற இணைப்பு வளையம், வண்டியின் சட்டத்தில் இதற்கென்றே பொருத்திய கொக்கி. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போடவே கூடாது. அது ஒடிந்தால் குண்டுபோல் பறக்கும், அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இழுக்கும்போது இரண்டு ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். குழந்தைகளை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வண்டி கிளம்பவே மறுத்தால் அதை விட்டுவிட்டு எல்லோரும் மற்ற வண்டிகளில் திரும்புங்கள். ஒற்றை வண்டியில் போய் மாட்டிக்கொண்டவர்கள் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருபவர்களுக்கு வண்டிதான் முதலில் தெரியும், நிழலும் அதுதான்.

9. மாலை முகாம்

வந்ததும் முதல் வேலை முகாமில் இருப்பவரிடம் தாளைத் திருப்பி வாங்குவது. பிறகு நெருப்பு. அன்சா-பொரேகோவில் உலோகத் தொட்டிக்குள் மட்டுமே தீ மூட்டலாம், சாம்பலையும் கூடவே எடுத்துவர வேண்டும், அங்கே கிடக்கும் விறகைப் பொறுக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் பி.எல்.எம். நிலங்களில் இலவச நெருப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். காற்று பலமாக இருந்தால் கேஸ் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவு பத்துக்கு மேல் ஜெனரேட்டர் ஓட வேண்டாம். வெளி விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். பொரேகோ ஸ்பிரிங்ஸ் 2009-இல் இருண்ட வானத்துக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஊர். வெளிச்சம் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் பழகி, பால்வீதி மலையிலிருந்து மலைவரை தெரியும். அதைப் பார்க்காமல் தூங்கப் போகிறவர்களை நான் எழுப்பிக் கூட்டிவருவேன்.

எலி வகைகள் இரவில் இன்ஜின் சூட்டுக்கு வந்து ஒயரைக் கடிக்கும். பானெட்டைத் திறந்து வைத்தால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பயந்து பெரும்பாலும் அண்டாது.

10. கிளம்பும் நாள்

காலை வெயிலில் எல்லோரும் வரிசையாக நடந்து தரையைப் பாருங்கள். பாட்டில் மூடி, கூடார ஆணி, ஆரஞ்சுத் தோல் எதுவும் கிடக்கக் கூடாது. பழத்தோல் பாலைவனத்தில் மக்காது, காயும், அவ்வளவுதான். பக்க அறை உள்ளே வந்ததா, ஆன்டெனா இறங்கியதா, கேஸ் மூடியதா, படிக்கட்டு மடிந்ததா என்று ஒருவர் படிக்க இன்னொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

ஜீப்பை ஆர்.வி.க்குப் பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறீர்கள் என்றால் டயர் காற்றை முழுதாக ஏற்றி, அந்த வண்டியின் கையேட்டில் சொன்னபடி டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் போட்டு, சில அடி உருட்டிப் பார்த்த பிறகே சாலையில் ஏறுங்கள். குலுங்கிக் குலுங்கி வந்த சக்கரத்தின் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முதல் ஊரில் கழிவுத் தொட்டியை இறக்கும்போது கழிவறைத் தொட்டியை முதலிலும் சோப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பிறகும் திறந்துவிடுங்கள், குழாய் தானாகக் கழுவிக்கொள்ளும். பிறகு கையைக் கழுவிவிட்டு, ஐம்பது மைல் தாண்டியதும் எல்லா டயரையும் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள்.